ஆடியில் வந்த மாப்பிள்ளை

அந்த இலை மட்டும் விழவில்லை, ஆடிக் காற்று மலையேறி வந்து கொடியில் கிடந்த போர்வையை, பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அத்தையின் மாட்டுக்கொட்டகைத் தகரத்தை, டீக்கடையில் கட்டியிருந்த பேனரை எல்லாம் கிளப்பிக்கொண்டு போகிறது, வேலியோரத்துச் சருகெல்லாம் சாலையைத் தாண்டி ஓடுகின்றன, துணிக்கொடியின் ஓரத்தில் சுருண்டு தொங்குகிற அந்த ஒற்றைக் காய்ந்த இலை மட்டும் இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது, விழமாட்டேன் என்கிறது, விழாதுதான், உள்ளே படுத்திருக்கிற ஆள் படுப்பதற்கு முன்னாலேயே இலைக்காம்பைக் கிளையோடு சேர்த்துத் தன் வாய் நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் படுத்திருக்கிறது, மரம் உதிர்த்தாலும் நான் உதிரமாட்டேன் என்று, அந்தக் கிளையை ஒடித்துக் கொண்டுவந்து கொடியில் கட்டிவிட்டு நான் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறேன், ஏய், கழுத்து சுளுக்கிக்கப் போவுது, வாடி உள்ள, என்று அக்கா கூப்பிடுகிறாள், கூப்பிடுகிற அக்காவின் கழுத்தில் தாலிக்கயிற்று மஞ்சள் இன்னும் மங்கவில்லை, அப்படியென்றால் அது போன வருஷத்து ஆடி, ஆனால் இலை இப்போதும் என் தலைக்கு மேலே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எது போன வருஷம், எது இன்றைக்கு என்று எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

எல்லாம் பட்டில்தான் ஆரம்பித்தது, அக்கா சுகந்திக்குக் கல்யாணம் முடிவாகி, முகூர்த்தப் பட்டுக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று போனில் தேடினேன், புடவைகளுக்கு நடுவே ஒரு பூச்சி வந்து உட்கார்ந்துகொண்டது, செங்கல் நிறம், ஒரு கை அகலம், நான்கு சிறகிலும் நான்கு ஜன்னல், துணியில் வெட்டியெடுத்துவிட்டுக் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல, அந்தப் பக்கத்து இலை இந்தப் பக்கம் தெரிகிறது, மத்திய அமெரிக்காவின் பட்டுப்பூச்சியாம், அந்த நாடுகளில் அதை நாலு கண்ணாடி என்றே கூப்பிடுகிறவர்கள் உண்டாம், நான் புடவையை விட்டுவிட்டேன், முட்டை, முட்டையிலிருந்து புழு, சட்டை மாற்றுவதுபோலத் தோலை மாற்றி மாற்றிப் பெருக்கிற பச்சைப் புழு, பிறகு இலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடு, மழை வந்து காடு நனைகிறவரை உள்ளே காத்துக்கிடப்பு, அப்புறம் சிறகு, சிறகு வந்தபின் வாய் கிடையாது, சத்தியமாகக் கிடையாது, புழுவாக இருந்தபோது தின்ற தெம்பில் ஒரு வாரம்போல உயிர், அதற்குள் பெண் ஒரு கிளையில் உட்கார்ந்து வாசனையைக் காற்றில் விடுகிறது, ஆண் எங்கேயோ இருந்து அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்கிறது, அவ்வளவுதான் பிழைப்பு, போனில் அந்த இணையப் பக்கத்தின் கடைசியில் ஒரு வரைபடம், டெக்ஸாஸ் ஓரத்தில் தொடங்கி மெக்சிகோ, குவாதமாலா, ஹோண்டுராஸ், கோஸ்டா ரிக்கா என்று மெலிந்துகொண்டே இறங்குகிற நிலத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், இங்கே ஒருத்தர் பார்த்தார், இங்கே ஒருத்தர் பார்த்தார் என்று, விடிகாலையில் அம்மா வாசலில் வைக்கிற கோலப்புள்ளி மாதிரி, கோடு மட்டும்தான் யாரும் இன்னும் இழுக்கவில்லை, என்னடி, கலர் பாத்தியா என்று அக்கா வந்து கேட்டாள், செங்கல் கலர்க்கா, நடுவுல நாலு ஜன்னல் வச்சு, என்றேன், தலையணையால் அடி விழுந்தது.

அந்த நாலு கண்ணாடிக்கு நம் பக்கத்திலும் ஒரு பங்காளி உண்டு என்று தெரிந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, அட்லஸ் என்று பெயர், அதைவிடப் பெரிது, அதே செங்கல் நிறம், அதே ஜன்னல்கள், சிறகு நுனி மட்டும் பாம்புத்தலையாக வளைந்து, கண்ணும் வாயும் மை தொட்டு எழுதியதுபோல, இதற்கும் ஒரு வரைபடம் இருந்தது, கோயம்புத்தூரில் மேகலா மேடம் என்று ஒருவர், பூச்சி பார்க்கிறவர்கள் அனுப்புகிற படங்களைச் சரிபார்த்துப் புள்ளி வைப்பவர், மேற்கு மலை நெடுகப் புள்ளியாகப் புள்ளியாகக் கிடக்கிறது, கிழக்கே வர வர அங்கொன்று இங்கொன்று, எங்கள் நெல்லிமலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை, பஸ்சே மனசு வந்தாத்தான் வருது, பூச்சி வந்துருமாக்கும் என்று அக்கா சிரித்தாள், அவள் கல்யாணம் முடிந்து திருப்பூர் போனபிறகும் நான் கொய்யா, எலுமிச்சை, சீத்தா என்று இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் அது எங்கள் கொல்லையிலேயே, லவங்கப்பட்டைக் கன்றில் தொங்கிக்கொண்டிருந்தது, படம் அனுப்பிய கையோடு மேகலா மேடம் கூப்பிட்டார், அட்லஸ் கூடுதான் கண்ணு, சந்தேகமே இல்ல, எந்த மரத்துல இருந்துது, பட்டை மரம் மேடம், சின்னக் கன்னு, கன்னு எங்க வாங்குனது, ஒரு நிமிஷம் நாக்கு புரண்டது, இங்கேயே முளைத்தது என்று சொல்லிவிட்டால் புள்ளி வந்துவிடும், சொல்ல வரவில்லை, அப்பா லோடு வேன் ஓட்டுறாங்க மேடம், கேரளாவுல வாழைத்தார் எறக்கிட்டு வரும்போது ஒரு நர்சரியில வாங்குனது, அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது, அப்ப புழுவும் கன்னோட வண்டியேறி வந்திருக்கலாமே கண்ணு, விருந்தாளிக்குப் புள்ளி வைக்க முடியாது, அந்த மலையிலேயே குடியிருக்கறவங்களுக்குத்தான் வைப்பேன், குடியிருக்காங்கன்னு எப்படி மேடம் காட்டுறது, அவர் சிரித்தார், கூட்டுல இருந்து பொண்ணு வந்துச்சுன்னா வெளிய காத்துல வச்சுப் பாரு, உங்க காட்டுல இன்னும் அந்த இனம் இருந்தா மாப்பிள்ளை தானா வருவான், வந்தான்னா அன்னைக்கே புள்ளி, ஆனா அவளுக்கு ஒரு வாரந்தான், ஞாபகம் வச்சுக்க.

இப்படி எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் ஆனார்கள், ஒருத்தி இலைக்குள், இன்னொருத்தி தலை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த அக்கா, பெண்ணை அழைத்துவந்து, மாப்பிள்ளைக்கு ஆடிச் சீர் செய்து, இனிமேல் மாதம் முடிகிறவரை இந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள் என்று சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைத்துவிடுவார்கள், ஏம்மா அப்படி என்று நான் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்பேன், ஆடியில சேந்தா சித்திரையில புள்ள பொறக்கும்டி, கத்திரி வெயில்ல தாயும் புள்ளையும் கெடந்து வேகணும் என்பாள் அம்மா, நம்ம மலையில ஏதும்மா கத்திரி, சித்திரையிலயும் போத்திக்கிட்டுத்தானே படுக்குறோம், போடி, வந்துட்டா பெரிய இவளாட்டம், அக்கா வீட்டுக்காரர் பூவரசன் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அதிகம் பேசமாட்டார், எங்கள் வீட்டில் சிக்னல் கொல்லைத் துணிக்கொடிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும் என்பதால் அக்கா சாயங்காலமெல்லாம் அங்கேதான் நிற்பாள், சாப்டீங்களா, ம், என்ன சாப்டீங்க, ம், அதற்குமேல் இரண்டு பேரும் பேசுவதில்லை, போன் முழுக்கக் காற்று இரையும், வைக்கவும் மாட்டார்கள், ஒரு கையில் போன், இன்னொரு கையில் சொம்பு, என் கூட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள், மழை வந்துச்சுன்னு நெனச்சுக்கட்டும்டி, வெளிய வரட்டும், எத்தன நாளு உள்ளயே கெடப்பா என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அது வந்த காலையில் நான் வாய் நிறையப் பேஸ்ட் நுரையோடு நிற்கிறேன், அக்கா ஐயோ ஐயோ என்கிறாள், கூட்டின் மேல்முனை நனைந்து அவிழ்ந்து, ஈரத்தில் கசக்கிப் பிழிந்த துணிப்பொட்டலம் ஒன்று தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொண்டு வருகிறது, கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, தொங்கத் தொங்க மடிப்பு நீவி விடுகிறது, யாரோ உள்ளேயிருந்து இஸ்திரி போடுவதுபோல, செங்கல் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள், ஜன்னல் ஒன்று, இரண்டு, நான் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் அக்கா, அவளும் பார்க்கிறாள், ஜன்னலுக்குள் அவள் மூக்குத்தி மின்னுகிறது, பூச்சிக்குப் பருத்த வயிறு, தலையில் மெல்லிய மீசை, பொண்ணுதான்க்கா, பொண்ணேதான் என்று நான் நுரையைத் துப்பாமலே கத்தினேன், கரண்டியோடு வந்த அம்மா சிறகு நுனியைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நாகம்டி, ஆடி மாசத்துல நாகாத்தா வந்திருக்கா, செய்தி வேலியைத் தாண்டியது, பச்சையம்மா அத்தை மஞ்சள் தண்ணீரும் குங்குமமும் ஒரு கிண்ணத்தில் பாலுமாக வந்துவிட்டாள், அத்தே, அதுக்கு வாயே இல்ல, எப்படிப் பால் குடிக்கும், கோயில்ல ஆத்தா குடிக்கிறத மட்டும் நீ பாத்தியா, நகருடி, எறும்பிடமிருந்தும் பல்லியிடமிருந்தும் காப்பாற்ற எனக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை, அம்மா சோற்றுச்சட்டியை ஈ மொய்க்காமல் மூடி வைக்கிற வலைக்கூடைக்குள் அவளை விட்டு, அடியில் ஒரு வலைத்துணியைக் கட்டி, வாசல் கொய்யாக் கிளையில் தொங்கவிட்டேன், ஒரு வாய் சோறு திங்காதவளுக்குச் சோறு மூடுற கூடையாடி என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், பொண்ணு பாக்க வர்றவங்களுக்கும் பஜ்ஜி சொஜ்ஜி மிச்சம், அவங்களுக்கும் வாய் இல்ல, என்றேன் நான்.

முதல் விடியலில் ஒரு வெட்டுக்கிளி வந்திருந்தது, அடுத்த விடியலில் ஒரு பொன்வண்டு, அப்புறம் வலைக்கு வெளியே நாக்கைச் சுழற்றிக்கொண்டு ஒரு பல்லி, அதை நான் செருப்பால் விரட்டினேன், டீக்கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டே போனார்கள், என்ன பாப்பா, வரன் அமைஞ்சுதா, பாத்துக்கிட்டே இருக்கோம் மாமா, சீர் செனத்தி அதிகமாக் கேக்குறாங்களோ, அம்மா முணுமுணுத்தாள், உனக்கு வரன் பாக்கலாம்னா படிக்கணும்ங்கற, பூச்சிக்கு மட்டும் அப்படி என்னடி அவசரம், ஆடி வெள்ளிக்கு அவள் வாசலில் சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்தபோது நான் குறுக்கே விழுந்தேன், வாசனை கொழம்பிரும்மா, அவன் வழி தப்பிருவான், அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள், இதுக்கும் ஒரு கத சொல்லு என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போனாள், சாமிக்குக் கொல்லையில் சாம்பிராணி காட்டியது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை, காற்று நாளுக்கு நாள் பிய்த்துக்கொண்டு அடித்தது, மலையுச்சியில் டவர் சாய்ந்து, கொல்லையில்கூடச் சிக்னல் இல்லாமல் போனது, அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடிக்குக் கீழே அங்கும் இங்கும் நடந்தாள், பிறகு வாசலுக்கு வந்து கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பூச்சியின் சிறகோரம் கிழிய ஆரம்பித்திருந்தது, வயிற்றின் நுனியை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது, அதுதான் வாசனை விடுகிற இருப்பு, எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது, வரமாட்டான்க்கா போல, இந்த மலையில யாருமே இல்ல போல, இவ வண்டியேறி வந்த ஒத்தை ஆளுதான், அக்கா என் தலையில் குட்டினாள், வருவான்டி, நமக்கு ஒண்ணும் தெரியல, அவளப் பாரு, எப்படித் தெம்பா உக்காந்துருக்கா, எனக்காச்சும் டவர் வேணும், அவளுக்குக் காத்து போதும்.

அன்றைக்கு எனக்கு ஒரு கனவு வந்தது, அல்லது நடந்ததா, வரைபடம் ஒன்று வாசல் முழுக்க விரிந்து கிடக்கிறது, கோஸ்டா ரிக்காவில் அம்மா புள்ளி வைக்கிறாள், மெக்சிகோவில் பச்சையம்மா அத்தை பால் கிண்ணத்தோடு நிற்கிறாள், நெல்லிமலையில் வைக்கப்போகும்போது மாவு தீர்ந்துவிடுகிறது, திடுக்கென்று விழித்தால் ஜன்னல் வெளுத்திருக்கிறது, ஓடினேன், கொய்யாக் கிளையில் கூடை இல்லை, அறுந்த கயிறு மட்டும் காற்றில் ஆடுகிறது, அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல், பாம்பு, பாம்பு, வெளியே வந்து பார்த்தால் கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது, வைத்த புள்ளியெல்லாம் மிதிபட்டிருக்கிறது, பச்சையம்மா அத்தை விறகுக்கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள், அப்பாவின் லோடு வேனை ஒட்டி யாருடைய பைக்கோ நிற்கிறது, அதன் கண்ணாடியில் என் கூடை தொங்குகிறது, கூடையின் மேல், வலைக்கு வெளியே, இரண்டு புதிய பாம்புத்தலைகள், கருஞ்சிவப்பு, ஒரு சுற்று சிறியது, கிழிசல் இல்லாதது, சீப்புப்போல அகன்ற மீசை, உள்ளே அவளும் வெளியே அவனும் வயிற்று நுனிகளை வலைக்கண் வழியாகச் சேர்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார்கள், கட்டை கீழே இறங்கப்போகிறது, நான் பாய்ந்து அத்தையின் கையைப் பிடித்துத் தொங்கினேன், அடிக்காத அத்தே, மாப்ள, மாப்ள வந்துட்டாரும்மா, மாப்ள வந்துட்டாரு, அம்மா அதைக் கேட்ட மாத்திரத்தில் யோசிக்கவேயில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, ஆளில்லாத சாலையைப் பார்த்துக் கும்பிட்டாள், வாங்க மாப்ள, வாங்க, வந்துட்டேங்க அத்தை, என்றது லோடு வேன்.

வேன்தான் பேசியது, நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் கேட்டோம், பிறகு தார்ப்பாய் எழுந்து உட்கார்ந்தது, அதற்குள்ளிருந்து தலையெல்லாம் வாழைச்சருகோடு பூவரசன் மாமா, இங்க போன் போவல அத்தை, என்னமோ ஏதோன்னு மனசு கேக்கல, மொகத்தப் பாத்துட்டு விடியறதுக்குள்ள போயிரலாம்னு, அவர் ஒரேயடியாக அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை, கடைசி வளைவிலேயே சத்தம் கேட்கக் கூடாதென்று வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே மேட்டை ஏறியிருக்கிறார், எங்கள் வீட்டுப் பக்கமிருந்து என்னவோ சக்கரம் மாதிரி சாலையில் உருண்டு வந்ததாம், பிடித்துப் பார்த்தால் சோறு மூடுகிற கூடை, உள்ளே பூச்சி, குட்டி போன்ல சொல்லிட்டே இருக்குமே, அந்தப் பொண்ணாத்தான் இருக்கும்னு கண்ணாடியில மாட்டுனேன், கதவத் தட்டவும் பயம், வேன்ல படுத்தேன், கண்ணு சொருகுற நேரம் வௌவாலாட்டம் ஒண்ணு வந்து கண்ணாடிய சுத்திச் சுத்தி வந்துச்சு, பொழச்சுப் போன்னு விட்டுட்டேன், பச்சையம்மா அத்தை கட்டையைக் கீழே போட்டுவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள், அக்கா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, கதவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும், அம்மாவுக்குக் கோபமும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்து எதை முதலில் விடுவதென்று தெரியாமல், அதான் பாத்தாச்சுல்ல மாப்ள, காப்பிய குடிச்சுட்டுக் கெளம்புங்க, ஊரு எந்திரிக்குது, என்றாள், நான் பைக்குக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன், வண்டிய யாரும் தொடக் கூடாது, இது ரெண்டும் பொழுது சாயுற வரைக்கும் இப்படியேதான் இருக்கும், அசைஞ்சா பிரிஞ்சிரும், முட்டை போச்சு, என் புள்ளியும் போச்சு, அம்மா என்னையும் பூச்சியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள், ஆமாம்மா, பாவம்ல, என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், யார் பாவம் என்று அம்மா கேட்கவில்லை.

பொழுது சாய்ந்தது, அவன் விட்டுப் பிரிந்து, கொய்யா மரத்தைச் சுற்றிக்கொண்டு, பச்சையம்மா அத்தை வீட்டுக் கூரைக்கு மேலே ஏறி, காட்டைப் பார்த்துப் போனான், அவன் போன திசையில்தான் எனக்குத் தெரியாத எத்தனையோ கிளைகளில் எத்தனையோ இலைகள் விழாமல் தொங்கிக்கொண்டிருக்கவேண்டும், பைக் காலியானதும் மழை பிடித்துக்கொண்டது, அப்பா எழுந்து வந்து வானத்தைப் பார்த்தார், இந்த மழையில கொண்டை ஊசி வளைவுல வண்டிய எறக்குறதா, சும்மா இருக்கச் சொல்லு அவர, என்றுவிட்டு உள்ளே போனார், அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள், சட்டியைத் திறந்து இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டாள், மறுநாள் படத்தை அனுப்ப மாமா என் போனோடு அடிவாரத்துக்குப் போனார், அப்படியே ஊருக்குப் போயிருக்கலாம், போகவில்லை, பதில் வந்துச்சுன்னா கொண்டாந்து குடுக்கணும்ல அத்தை என்று மறுபடி மேலேறி வந்து நின்றார், போனில் மேகலா மேடத்தின் பதில் இருந்தது, மாப்பிள்ளை ஜோரா இருக்கான் கண்ணு, புள்ளி வச்சாச்சு, கூடவே வரைபடம், மேற்கிலிருந்து வருகிற வரிசையை விட்டுத் தள்ளி, வெறும் பச்சைக்கு நடுவே, குங்குமம் வைத்ததுபோல ஒன்றே ஒன்று, அக்கா கேட்டாள், இதுல நம்ம வீடு எங்கடி, அதான்க்கா, அந்தப் புள்ளியேதான் நம்ம வீடு.

முட்டைகள் வலையெங்கும் செம்மணிபோல ஒட்டியிருந்தன, புழுக்களைக் கொய்யாவில் விட்டேன், மொறு மொறு என்று மரத்தையே தின்றன, வெள்ளை மாவு பூசிய பச்சை உருளைகள், அவை தின்னத் தின்ன, கொய்யாக்காய் என்றால் உயிரை விடுகிற அக்கா கொய்யா வாசனை பட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள், ஓடி ஓடி வந்தவளை அம்மா ஒரு நாள் நிறுத்தி உட்காரவைத்து, விரலை மடக்கி மடக்கி மாதத்தை எண்ணினாள், பங்குனி வரை போய், அடுத்த விரலை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள், ஏன், நான் என்ன செய்தேன், வண்டியை நகர்த்தாதே என்று சொன்னதைத் தவிர, இப்போது சித்திரை, ஜன்னலுக்கு வெளியே மஞ்சுப் பனிமூட்டம் இறங்கியிருக்கிறது, அம்மா தூளியில் கிடக்கிற பேத்திக்குக் கம்பளி போர்த்துகிறாள், போர்த்திக்கொண்டே சொல்கிறாள், ஆடியில வராதீங்கன்னேன், யாரு கேட்டீங்க, பாரு, கத்திரி வெயில்ல புள்ள கெடந்து வேகுது, மெக்சிகோவில் ஆடுகிறவர்கள் அந்த நாலு கண்ணாடியின் வெற்றுக் கூடுகளுக்குள் பொடிக்கல் போட்டு, வரிசையாகக் கோத்துக் காலில் சலங்கையாகக் கட்டிக்கொள்வார்களாம், படித்ததிலிருந்து எனக்கு ஆசை, காலில் கட்ட வரிசை இல்லை, ஒன்றே ஒன்றுதான், ஓடைக்கல்லில் பொடியாகப் பொறுக்கி உள்ளே போட்டு, தூளிக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், அந்த இலை, போன ஆடியில் விழாத அதே இலை, இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் வருகிறது, இப்போது கிலுகிலு என்கிறது, பூவரசன் மாமா வாசலில் நின்று சுகந்தி என்று கூப்பிடுகிறார், இம்முறை யாரும் ஒளியவில்லை, வெளியே கொய்யாவில் புதிதாக ஏழெட்டு இலைகள் விழாமல் தொங்குகின்றன, பேத்தி கையைக் காலை உதைத்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல், தலைக்கு மேலே ஆடுகிற இலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடக்கிறாள், ஏய், கழுத்து சுளுக்கிக்கப் போவுது, என்கிறாள் அக்கா, நான் திரும்பிப் பார்க்கிறேன், என்னை இல்லை.